சைடு ஸ்கேன் சோனார்: சொந்தமாக வாங்குவதா, பங்கு போடுவதா, எக்கோவே போதுமா?

போன மாசி மாதம் என் மைத்துனர் வீட்டுக்கு வந்தார். அவருக்கு ஒரு ஃபைபர் படகு, அவுட்போர்ட் எஞ்சின். தூத்துக்குடிக்குத் தெற்கே பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகளின்) மேல் தூண்டில் போடுவதும், மீன் பிடிக்கும் கூடு வைப்பதும் தொழில். "மச்சான், ரெண்டு பக்கமும் தரையைப் படம் புடிச்சுக் காட்டுற எக்கோ வந்திருக்காமே, வாங்கிப் போடலாமா?" என்றார்.

படகுகளில் எக்கோவும் (ஒலியால் ஆழம் காட்டும் கருவி) ஜிபிஎஸ்ஸும் மாட்டிக்கொடுப்பதுதான் என் வேலை. கடையில் போய்க் கேட்டால் வாங்கு என்றுதான் சொல்வார்கள். ஏற்கெனவே வாங்கி மூலையில் போட்டு வைத்திருப்பவரைக் கேட்டால் வேண்டாம் என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. அதனால் மைத்துனரிடம் சொன்னதையெல்லாம் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பார் தொழில் செய்யும் சிறு படகுக்காரர்களை மனதில் வைத்து எழுதுவது இது.

இந்த சைடு ஸ்கேன் சோனார் என்ன காட்டும் என்பதில்தான் முதல் குழப்பம். இது மீன் தேடும் கருவி இல்லை, தரையைக் காட்டும் கருவி. படகுக்கு இடமும் வலமும் விசிறி போல ஒலியை வீசி, திரும்பி வரும் எதிரொலியை வரி வரியாக அடுக்கித் தரையின் படத்தை வரைகிறது. இங்கிலாந்தில் 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பல் கிடந்த இடத்தை 1960களின் கடைசியில் தேடியபோது இந்த முறை கைகொடுத்தது. அப்போது இதைக் கப்பலுக்குப் பின்னால் கம்பியில் கட்டி இழுத்துப் போவார்கள். 2005இல் ஹம்மின்பேர்டு நிறுவனம் சின்னப் படகுகளுக்கான பெட்டியாக இதைக் கொண்டுவந்தது. அப்புறம் லோரன்ஸ், கார்மின் என்று எல்லாரும் செய்யத் தொடங்கினார்கள். பெயர்தான் ஒவ்வொன்றிலும் வேறு, உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்.

நம்மிடம் இருக்கும் எக்கோ 50, 200 கிலோஹெர்ட்ஸில் படகுக்கு நேர் கீழே கூம்பு மாதிரி ஒலியை இறக்குகிறது. கூம்பு 20 டிகிரி என்றால், 20 மீட்டர் ஆழத்தில் தரையில் அது தொடும் வட்டம் 7 மீட்டர் அகலம்தான். 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 7.4 கிலோமீட்டர். அதாவது சுமார் 13 ஏக்கர் தரையைப் பார்த்திருப்போம். அதே ஓட்டத்தில் சைடு ஸ்கேனை இரு பக்கமும் 40 மீட்டருக்கு வைத்தால் 80 மீட்டர் அகலப் பட்டை கிடைக்கும், கிட்டத்தட்ட 146 ஏக்கர். பார் தேடுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. எக்கோவில் ஒரு பாரின் விளிம்பை உழுது உழுது கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். இதில் அரை மணி நேரத்தில் அதன் முழு உருவமும் திரையில் விழுந்துவிடும்.

விழுந்த படத்தைப் படிக்கவும் தெரிய வேண்டும். நடுவில் கறுப்பாக ஓடும் பட்டை, படகுக்கும் தரைக்கும் இடையே உள்ள தண்ணீர். அதற்கு இரு பக்கமும் தரை. கல் வெளிச்சமாகத் தெரியும், சேறு மங்கலாகத் தெரியும், மணல் அலை அலையாக வரி போட்டிருக்கும். எழும்பி நிற்கும் எதற்கும் பின்னால் ஒரு நிழல் விழும், ஒலி அங்கே போய்ச் சேராததால். அந்த நிழலை வைத்து உயரத்தைக் கணக்குப் போடலாம். ட்ரான்ஸ்டியூசருக்கு (ஒலியை அனுப்பி வாங்கும் முனைக்கு) கீழே தரை 18 மீட்டர், நிழல் 5 மீட்டர் நீளம், அது முடியும் இடம் 45 மீட்டர் தூரம் என்றால், 5ஐ 18ஆல் பெருக்கி 45ஆல் வகுக்க வேண்டும். கல்லின் உயரம் 2 மீட்டர். கூடு இறக்குகிறவருக்கு இந்த ஒரு கணக்கே போதும், எந்தப் பக்கம் இறக்கினால் கூடு கவிழாமல் உட்காரும் என்று தெரிந்துவிடும்.

யாருக்கு வேண்டாம்?

வழிவலை விட்டு சூரையும் சீலாவும் பிடிப்பவருக்கு இது வேண்டாம். அந்த மீன் மேல்தண்ணீரில் ஓடுவது, தரையின் படம் அவருக்கு எதற்கு? ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்துச் சொல்லும் மீன்வள அறிவிப்பு அவருக்கு இதைவிட உதவும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகளுக்கும் வேண்டாம். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இந்தச் சின்னப் பெட்டியின் ஒலி எட்டாது. மீன் கூட்டத்தைச் சுற்றித் தேடித் தரும் ஸ்கேனிங் சோனார் என்று ஒன்று பெரிய படகுகளில் இருக்கும். அது வேறு கருவி, விலையும் வேறு. பெயரில் ஸ்கேன் இருப்பதால் இதையும் அதையும் ஒன்றென்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இழுவைமடிக்காரர்கள், அதாவது தரையோடு வலையை இழுத்துப் பிடிப்பவர்கள், வலை கல்லில் மாட்டாமல் இருக்க இதைக் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் பாரின் ஓரம் துல்லியமாகத் தெரிந்தால் வலையை அதை ஒட்டியே இழுக்கும் ஆசையும் வரும். பார் போனால் தூண்டில்காரருக்கும் மீன் இல்லை, மடிக்காரருக்கும் இல்லை. அந்தப் படகுகளுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

மிச்சம் இருப்பவர்கள் பார்த் தூண்டில், மீன் கூடு, சிங்கி இறால் வலை போடுபவர்கள், அப்புறம் செயற்கைப் பவளப்பாறையில் தொழில் செய்பவர்கள். இவர்களுக்கு இது வேலை செய்யும், அதுவும் ஆழம் 40 மீட்டருக்குள் இருந்தால். பெட்டியின் அட்டையில் போட்டிருக்கும் தூரத்தை நம்பாதீர்கள். அவை பெரும்பாலும் நல்ல தண்ணீர் ஏரிகளில் கிடைக்கும் கணக்கு. கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் மக்னீசியம் சல்பேட் இந்த உயர்ந்த அதிர்வெண் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். அதிர்வெண் ஏற ஏற உறிஞ்சுவதும் கூடும். நான் பார்த்த வரையில் 800 கிலோஹெர்ட்ஸ் படம் 15, 20 மீட்டர் ஆழம் வரைக்கும்தான் தெளிவு. அதற்குக் கீழே 455க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 1200 என்று பெருமையாக விற்பது நம் தொழிலுக்குப் பெரும்பாலும் வீண்.

படகு இரவில் எங்கே கிடக்கிறது?

வாங்குவதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பெட்டி இல்லை. தண்ணீருக்குள் நிற்கும் ட்ரான்ஸ்டியூசர்தான். எக்கோவின் ட்ரான்ஸ்டியூசரை ஃபைபர் படகின் உள்பக்கத்தில் ஒட்டியே ஓட்டுகிறவர்கள் உண்டு, அடிப்பகுதி ஒற்றைத் தகடாக இருந்தால் ஒலி அதைத் தாண்டிப் போகும். சைடு ஸ்கேனில் அது நடக்காது. தண்ணீரை நேராகத் தொட வேண்டும், இரு பக்கமும் மறைப்பு இல்லாமல் இருக்க வேண்டும்.

துறைமுகத்துக்குள் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகு என்றால் அமரத்தில் (படகின் பின்முனையில்) நிரந்தரமாகத் திருகிவிடலாம். எஞ்சினின் கால் ஒரு பக்கத்தை மறைக்கக் கூடாது. மறைத்தால் அந்தப் பக்கம் படத்தில் ஒரு இருட்டுத் துண்டு எப்போதும் நிற்கும். பின்பக்கம் நுரை கிளம்பும் இடமாகவும் இருக்கக் கூடாது, காற்றுக் குமிழி ஒலியைக் கொன்றுவிடும். கேபிளை எஞ்சின் வயரோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. ஆரம்ப காலத்தில் நானே ஒரு படகில் அப்படிக் கட்டிவிட்டேன். படம் முழுக்கக் குறுக்கே கோடு கோடாக ஓடியது. கருவி பழுது என்று இரண்டு நாள் தேடி, கடைசியில் கேபிளைப் பிரித்து அடுத்த ஓரமாக இழுத்ததும் சரியாகிவிட்டது.

கரையில் ஏற்றும் படகு என்றால் கதையே வேறு. தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரையோரம் எத்தனையோ ஊர்களில் அலையோடு வந்து மணலில் ஏறுகிறோம். எஞ்சினைத் தூக்கிவிடுகிறோம். ட்ரான்ஸ்டியூசரை யார் தூக்குவது? அமரத்தில் திருகிய ட்ரான்ஸ்டியூசர் முதல் மாதத்திலேயே மணலில் இடித்து உடைந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட படகுகளில் பார்த்துவிட்டேன். உடைந்தால் ட்ரான்ஸ்டியூசரை மட்டும் புதிதாக வாங்குவதே பெரிய செலவு. அதனால்தான் விலை கேட்கும்போது பெட்டி எவ்வளவு, ட்ரான்ஸ்டியூசர் தனியாக எவ்வளவு, நீட்டிப்புக் கேபிள் எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கச் சொல்கிறேன். துபாயில் இருக்கும் சொந்தக்காரர் மலிவாக வாங்கி அனுப்பும் பெட்டிக்கு இங்கே வாரண்டி செல்லுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கரையேற்றும் படகுக்கு நான் செய்வது கழி முறை. ஒன்றரை அங்குலக் குழாயின் நுனியில் ட்ரான்ஸ்டியூசர், படகின் நடுப்பகுதியில் விலாவோடு சேர்த்து ஒரு பிடி. இறக்கும்போது ட்ரான்ஸ்டியூசர் படகின் அடிமட்டத்தையும் தாண்டிக் கீழே போக வேண்டும். இல்லாவிட்டால் படகே ஒரு பக்கத்தை மறைத்துவிடும். ஓட்டத்தில் கழி அதிரும், அதிர்ந்தால் படமும் நடுங்கும். கழியின் அடியிலிருந்து அணியத்துக்கு (முன்முனைக்கு) ஒரு கயிறை இழுத்துக் கட்டிவிட்டால் அதிர்வு அடங்கிவிடும். மேல்பிடியைப் போல்ட் போட்டு இறுக்காமல் கயிற்றால் கட்டுகிறேன். மிதக்கும் கட்டையிலோ வலையிலோ பட்டால் கயிறு நழுவிக் கழி பின்னால் சாயும், ட்ரான்ஸ்டியூசர் பிழைக்கும். எஞ்சினுக்கு முன்னால் இருப்பதால் நுரைத் தொல்லையும் கிடையாது. படம் அமரத்தில் மாட்டியதைவிடச் சுத்தமாக வரும். ஒரே குறை, 5 நாட் வேகத்துக்கு மேல் ஓட முடியாது. ஆனால் இந்தக் கருவிக்கே 3 முதல் 5 நாட்தான் நல்ல வேகம். வேகம் கூடினால் இரண்டு ஒலி வரிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து சின்னக் கல் எல்லாம் தப்பிப் போய்விடும்.

கழிக்கு இன்னொரு சௌகரியம், வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போய்விடலாம். பராமரிப்பில் பாதி அதிலேயே தீர்ந்தது.

பராமரிப்பு என்றால் என்ன?

தண்ணீரிலேயே கிடக்கும் ட்ரான்ஸ்டியூசரில் சில வாரங்களில் பாசி படியும், சிப்பி ஒட்டும். படம் மெல்ல மெல்ல மங்கும். தினமும் பார்ப்பவருக்கு அது தெரியாது, கடல்தான் கலங்கல் என்று நினைத்துக்கொள்வார். துடைக்க மென்மையான துணியும் நல்ல தண்ணீரும் போதும். கத்தியால் சுரண்டாதீர்கள், அழுத்தத் தண்ணீர் அடிக்காதீர்கள். பெயிண்டைப் போக்கும் தின்னர், அசிட்டோன் எதுவும் அதன் பக்கத்திலேயே வரக் கூடாது, முகப்பு பிளாஸ்டிக் கரைந்து வெடித்துவிடும். படகின் அடிக்கு அடிக்கும் பாசித்தடுப்புப் பெயிண்டை அப்படியே இதற்கும் பூசிவிடுவது பெரிய தவறு. தண்ணீரில் கலக்கும் வகைப் பெயிண்ட் இதற்கென்றே தனியாக இருக்கிறது.

இரண்டாவது எதிரி இணைப்பு முனைகள். ஒரு படகில் வலப்பக்கப் படம் மட்டும் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். பிளக்கைத் திருகிக் கழற்றினேன். உள்ளே வரிசையாக இருந்த ஊசிகளில் இரண்டின் தலை மட்டும் பச்சைக் களிம்பு ஏறி, கடுகளவு பொரிந்து நின்றது. ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள். அவ்வளவுதான், அந்தத் துகளின் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்து, காயவைத்து, மின்கடத்தாத கிரீஸ் தடவி மூடியதும் படம் வந்துவிட்டது. பெட்டியைத் தினமும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவது நல்ல பழக்கம்தான். ஆனால் கழற்றியபின் படகில் கிடக்கும் பிளக்குக்கு மூடி போட வேண்டும். பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாலும் சரி. கேபிள் நீளமாக இருக்கிறதென்று வெட்டி ஒட்ட வேண்டாம். எக்கோ கேபிளில் அது தப்பிவிடலாம். இதில் வயர்கள் அதிகம், ஒன்று பிசகினாலும் ஒரு பக்கம் போய்விடும், வாரண்டியும் போய்விடும்.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். ஒன்பது அங்குலத் திரை உள்ள பெட்டி ஒன்றரை முதல் இரண்டரை ஆம்பியர் வரை இழுக்கும். எட்டு மணி நேரத் தொழிலுக்கு 20 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சின் பலவற்றில் பேட்டரியை ஏற்றும் வசதி இல்லை. பேட்டரியைக் கரைக்குத் தூக்கி வந்துதான் ஏற்ற வேண்டும். பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால் நாள்பட உழைக்கும், அதனால் 40 ஆம்பியர்-மணிக்குக் குறையாமல் போடுங்கள். விளக்கும் பெட்டியும் ஒரே பேட்டரியில் ஓட வேண்டாம். பெட்டியின் வயரில் கம்பெனி சொன்ன ஃபியூஸ் கட்டாயம் இருக்கட்டும்.

சொந்தமா, பங்கா?

இங்கேதான் மைத்துனரோடு அதிக நேரம் பேசினேன். எனக்குப் பட்டது இதுதான். இந்தக் கருவியின் வேலை வரைபடம் போடுவது. பார் எங்கே, எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் சரிவு, எங்கே மணல் வாய்க்கால் என்று ஒருமுறை பார்த்துக் குறித்துவிட்டால், அடுத்த நாள் முதல் பழைய ஜிபிஎஸ்ஸும் எக்கோவுமே அங்கே கொண்டு போய்விடும். நிலம் அளக்கச் சர்வேயரை ஒரு நாள் கூப்பிடுகிறோம், வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதில்லை. அதிலும் எல்லா மாதமும் அளக்க முடியாது. கச்சான் காற்று எழும்பிய காலத்தில் படகு உருளும், படமும் பாம்பு மாதிரி நெளியும். மாசி, பங்குனியில் கடல் தெளிந்து கிடக்கும் நாட்கள்தான் இதற்கு வாய்ப்பு. அந்த நாட்களில் நேர்கோட்டில் போய், நேர்கோட்டில் திரும்பி, கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படும்படி ஓட்டினால், ஒரு படகு தொழில் செய்யும் பகுதியைப் பத்துப் பதினைந்து நாளில் முடித்துவிடலாம். மிச்சப் பத்து மாதம் அந்த விலைக் கருவி உப்புக்காற்றில் கிடக்கும்.

அதனால் மூன்று நான்கு படகு சேர்ந்து ஒன்று வாங்குவது கணக்குக்குச் சரியாக வரும். ஆனால் கணக்கு மட்டும் பார்த்தால் போதாது. பார் என்பது ஒரு குடும்பத்தின் சொத்து மாதிரி. மணப்பாட்டுக் குன்றின் மேல் இருக்கும் கோயிலையும் திருச்செந்தூர்க் கோபுரத்தையும் இன்னொரு பனையையும் கோடு சேர்த்து, இத்தனை பாகம் ஆழம் என்று அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுத்த இடங்கள் அவை. அதைப் பொதுப் பெட்டியில் ஏற்றி அடுத்த படகுக்குக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? வராததைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு படகுக்கும் தனி மெமரி கார்டு. வேலை முடிந்ததும் குறித்த புள்ளிகளைக் கார்டில் எடுத்துக்கொண்டு, பெட்டியில் இருப்பதை அழித்துவிட்டுத்தான் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். ட்ரான்ஸ்டியூசர் உடைந்தால் யார் கையில் இருந்ததோ அவர் செலவு என்று வாங்கும் முன்பே பேசி எழுதி வையுங்கள். அண்ணன் தம்பி என்றாலும் எழுதுங்கள்.

புள்ளிகளைப் பழைய ஜிபிஎஸ்ஸில் கையால் ஏற்றும்போது நிமிடத்துக்குப் பின் மூன்று தசம இடமும் ஏற்றுங்கள். இரண்டோடு நிறுத்தினால் 18 மீட்டர் வரை பிசகும், சின்னப் பார் என்றால் அதன் மேல் இருக்கவே மாட்டீர்கள்.

சொந்தமாக வாங்குவது யாருக்கு என்றால், சிங்கி இறால் வலைக்காரருக்கும், அடிக்கடி கூடு தொலைப்பவருக்கும். வலையைக் கல்லை ஒட்டி, கல்லில் மாட்டாமல் இறக்க அவருக்குத் தினமும் தரையைப் பார்க்க வேண்டியிருக்கும். காற்றில் அறுந்து போன கூட்டைத் தேடி எடுப்பதற்கும் இதைவிட நல்ல கண் இல்லை. செயற்கைப் பவளப்பாறைகளையும் இது அருமையாகக் காட்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் யோசனையோடு மீன்வளத்துறை நம் கரையோரம் பல ஊர்களுக்கு முன்னால் சிமெண்ட் கூடுகளை இறக்கியிருக்கிறது. ஒருநாள் காலையில் அப்படி ஓர் இடத்துக்கு மேல் போனபோது திரையின் இடப்பக்கம் முக்கோணம் முக்கோணமாகப் புள்ளிகள் வந்தன, ஒவ்வொன்றின் பின்னாலும் ஊசி மாதிரி நிழல். ஒன்றிரண்டின் மேல் நிழல் கலைந்து சிலந்திவலை போல ஏதோ படர்ந்திருந்தது. கொக்கியைப் போட்டு இழுத்தால் யாரோ தொலைத்த பழைய வலை, அதற்குள் இரண்டு நண்டு உயிரோடு. அதை எடுத்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் பெரிது. தொலைந்த வலை யாருக்கும் பயனில்லாமல் மீனைக் கொன்றுகொண்டே கிடக்கும்.

நங்கூரத்துக்கும் இது உதவும். பாரின் மேல் போடாமல் பக்கத்து மணலில் போட்டுக் கயிறை விட்டால் பாரும் உடையாது, நங்கூரமும் சிக்காது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதிக்குள் மட்டும் இதை எடுத்துக்கொண்டு போய்த் தேடாதீர்கள். அங்கே தொழிலே கூடாது.

மைத்துனரும் அவருடைய தம்பிமார் இருவரும் சேர்ந்து ஒன்று வாங்குவதென்று முடிவாகியிருக்கிறது. கழி முறை, 455க்கும் 800க்கும் மாறும் பெட்டி. பணத்தைக் கொடுக்கும் முன் நான் அவரிடம் சொன்னது ஒன்றுதான். கடையில் ஓடும் டெமோ படத்தைப் பார்த்து மயங்காதே, அது ஏதோ ஒரு ஏரியில் எடுத்தது. கடைக்காரரையோ ஏற்கெனவே வைத்திருக்கும் படகுக்காரரையோ கூப்பிட்டுக்கொண்டு நீ தொழில் செய்யும் ஆழத்துக்கே போ. உனக்குத் தெரிந்த ஒரு பாரை இடப்பக்கம் விட்டு ஒரு ஓட்டம், வலப்பக்கம் விட்டு ஒரு ஓட்டம். இரண்டு பக்கமும் நிழல் தெளிவாக விழுந்தால் பணத்தைக் கொடு.